மருத்துவ ஆய்விதழ்களில் பெண்கள்: பெயர் நிற்கும் இடமும் முடிவெடுக்கும் நாற்காலியும்

ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பெயர்களின் வரிசை ஒன்று இருக்கும். சில கட்டுரைகளில் மூன்று பெயர்கள், சிலவற்றில் முப்பது. ஆய்வுலகத்துக்கு வெளியே இருப்பவர்கள் அந்த வரியைப் பார்க்காமலே கட்டுரைச் சுருக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருது என எதை எடுத்தாலும், அந்த வரியில் ஒருவருடைய பெயர் எத்தனை முறை, எந்த இடத்தில் வந்திருக்கிறது என்பது கணக்கில் சேர்கிறது. மருத்துவ ஆய்வில் பெண்களின் பிரதிநிதித்துவம் பற்றிய பேச்சும் பெரும்பாலும் இந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் மறுமுனை, கட்டுரையை வெளியிடலாமா கூடாதா என்று முடிவு செய்யும் இதழாசிரியரின் நாற்காலியில் இருக்கிறது.

வரிசையை வாசிக்கச் சிறிய இலக்கணம் ஒன்று தேவை. மருத்துவத்திலும் உயிரியலிலும் முதல் பெயர் பெரும்பாலும் தரவுகளைத் திரட்டி, அலசி, கட்டுரையின் முதல் வரைவை எழுதியவருடையது. இவர் பொதுவாக முனைவர் பட்ட மாணவராகவோ இளம் மருத்துவராகவோ இருப்பார். கடைசிப் பெயர் ஆய்வகத்தின் அல்லது ஆய்வுத் திட்டத்தின் தலைவருடையது. கேள்வியை வகுத்து, நிதியைப் பெற்று, முழு வேலைக்கும் பொறுப்பேற்றவர் அவரே என்று வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இடையில் வருபவர்கள் ஏதோ ஒரு பகுதிக்குப் பங்களித்தவர்கள்: புள்ளியியல் கணக்குகளைப் போட்டவர், நோயாளிகளை ஆய்வில் சேர்த்தவர், ஆய்வகச் சோதனைகளை நடத்தியவர். கணிதத்திலும் பொருளாதாரத்திலும் பெயர்களை அகர வரிசையில் இடும் வழக்கம் பரவலாக உண்டு. மருத்துவத்தில் அது அரிது. ஆகவே ஒரு கட்டுரையில் பத்துப் பேரில் ஐந்து பேர் பெண்கள் என்று சொன்னால் அது பாதித் தகவல்தான். அந்த ஐந்து பேரும் நடுவில் நிற்கிறார்களா, ஓரங்களில் நிற்கிறார்களா என்று கேட்டால்தான் மீதிப் பாதி தெரியவரும்.

யாரைக் கட்டுரையாளர் என்று குறிப்பிடலாம் என்பதற்கு, மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. ஆய்வின் திட்டமிடலிலோ தரவிலோ குறிப்பிடத்தக்க பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ ஆழ்ந்து திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரையின் நேர்மைக்குப் பொறுப்பேற்பு ஆகிய நான்கையும் ஒருவர் நிறைவு செய்திருக்க வேண்டும். யார் உள்ளே வரலாம் என்பதை இந்த விதி சொல்கிறது. யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கட்டுரையாளர்களே தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு விட்டுவிடுகிறது. ஒரு குழுவுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது என்றால், யாருக்குக் குரல் அதிகமோ அவருக்கு அதில் கை ஓங்கியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு மருத்துவ வரலாற்றில் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் மார்த் கோத்தியே 1955-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, அங்கே உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் முறையைக் கற்றுக்கொண்டார். பாரிஸ் திரும்பியதும், பேராசிரியர் ரேமோன் துர்பேனின் துறையில், கைவசம் இருந்த எளிய கருவிகளைக் கொண்டு அத்தகைய ஆய்வகம் ஒன்றை அவரே அமைத்தார். கண்ணாடிக் கலங்கள் வாங்கத் தன் பேரில் கடன் பெற்றதாகவும், உயிரணு வளர்ப்புக்குத் தேவையான சீரத்தைத் தன் சொந்த இரத்தத்திலிருந்தே எடுத்ததாகவும் பின்னாளில் எழுதினார். மனிதருக்கு 46 குரோமோசோம்கள் என்பது 1956-ல்தான் உறுதியாகியிருந்தது. டவுன் கூட்டறிகுறி உள்ள குழந்தையின் திசுவில் 47 இருப்பதை 1958-ல் கோத்தியே தன் கண்ணாடித் தகடுகளில் கண்டார். அவருடைய நுண்ணோக்கியில் படமெடுக்கும் வசதி இல்லை. துறையில் இருந்த இளம் ஆய்வாளர் ஜெரோம் லெஜேன் தகடுகளைப் படமெடுத்து வருவதாகச் சொல்லி வாங்கிச் சென்றார் என்பது கோத்தியேயின் விவரிப்பு. 1959 ஜனவரியில் கட்டுரை வெளியானபோது முதல் பெயர் லெஜேனுடையது, கடைசிப் பெயர் துர்பேனுடையது, நடுவில் கோத்தியே. அதுவும் பெயர் பிழையாக அச்சாகியிருந்தது. லெஜேன் உலகப் புகழ் பெற்றார். 2014-ல் பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அறநெறிக் குழு, அந்தக் கண்டுபிடிப்பில் லெஜேனின் பங்கு மேலோங்கியதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று கருத்துத் தெரிவித்தது. அதற்குள் 55 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. லெஜேன் தரப்பினர் இந்த விவரிப்பை ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உயிரணு வளர்ப்பு முறையை அந்தத் துறைக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதில் சிக்கல் இல்லை.

ஒரு கதை ஒரு கதைதான். பொதுப் போக்கைக் காண எண்ணிக்கை வேண்டும்.

எண்கள் சொல்வது

2006-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஓர் ஆய்வு, ஆறு முன்னணி மருத்துவ இதழ்களை எடுத்துக்கொண்டு, 1970 முதல் 2004 வரையிலான காலத்தில் அமெரிக்க நிறுவனங்களைச் சேர்ந்த மருத்துவக் கட்டுரையாளர்களின் பெயர்களை எண்ணிப் பார்த்தது. முதல் பெயர்களில் பெண்களின் பங்கு 5.9 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாக உயர்ந்திருந்தது. கடைசிப் பெயர்களில் 3.7 சதவீதம் 19.3 சதவீதமாகியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் ஐந்து மடங்கு என்பது சிறிய மாற்றமல்ல. அதேவேளையில், தொடக்கத்திலும் முடிவிலும் கடைசிப் பெயர் முதல் பெயரைவிடப் பின்தங்கியே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பத்தாண்டு கழித்து, 2016-ல், பி.எம்.ஜே. இதழில் வந்த இன்னோர் ஆய்வு 1994 முதல் 2014 வரை ஆறு பெரிய பொது மருத்துவ இதழ்களைப் பார்த்தது. முதல் பெயராகப் பெண் வரும் கட்டுரைகளின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகியிருந்தது. என் பார்வையில், அந்த ஆய்வின் முக்கியமான செய்தி இந்த உயர்வு அல்ல. 2009-க்குப் பிறகு கோடு ஏறக்குறைய படுத்துவிட்டது என்பதுதான். சில இதழ்களில் அது கீழ்நோக்கியும் சென்றது. நியூ இங்கிலாந்து ஜர்னல் அவற்றுள் ஒன்று. காலம் செல்லச் செல்லத் தானாகச் சமமாகிவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இந்தப் படுத்த கோடு சங்கடமான செய்தி.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதையும் தொடக்க வாசகர் தெரிந்துகொள்வது நல்லது. கட்டுரைகளில் கட்டுரையாளரின் பாலினம் குறிப்பிடப்படுவதில்லை. சிறிய ஆய்வுகளில், ஆய்வாளர்கள் நிறுவன இணையப் பக்கங்களைத் தேடி ஒவ்வொருவராகச் சரிபார்க்கிறார்கள். இலட்சக்கணக்கான கட்டுரைகளை அலசும்போது, பெயரைக் கொண்டு பாலினத்தை ஊகிக்கும் கணினி நிரல்களை நம்ப வேண்டியிருக்கிறது. முதலெழுத்துகளை மட்டும் இடும் கட்டுரையாளர்கள் இதில் விடுபட்டுப் போவார்கள். உரோமன் எழுத்தில் எழுதப்படும் சீனப் பெயர்களில் பலவற்றை ஆணா பெண்ணா என்று பிரிக்கவே முடியாது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்கள் இந்தக் கணக்கில் தென்படுவதே இல்லை. ஆகவே தசம புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், போக்கையும் இடைவெளியின் அளவையும் பார்ப்பதே முறை.

இதழின் நாற்காலிகள்

ஆய்விதழின் உள்ளமைப்பில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே தலைமை ஆசிரியர். எதை வெளியிடுவது, எந்தப் பொருளுக்குச் சிறப்பிதழ் கொண்டுவருவது, யாரைத் தலையங்கம் எழுத அழைப்பது என்பவை அவர் கையில். அடுத்தது ஆசிரியர் குழு. இதில் சிலர் கட்டுரைகளைக் கையாள்வார்கள், சிலர் ஆலோசனை மட்டும் சொல்வார்கள், சில இதழ்களில் சிலரது பெயர் அழகுக்காகவும் இருப்பதுண்டு. மூன்றாவது அடுக்கு மதிப்பாய்வாளர்கள். வந்த கட்டுரையைப் படித்துக் குறைகளைச் சுட்டும் இவர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. ஆசிரியர் குழுவில் இடம் பெறுவது கௌரவம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்தில் அது ஒரு தனி வரி, ஒரு துறையில் அடுத்து எது முக்கியம் என்பதைத் தீர்மானிக்கும் பேச்சில் அது ஓர் இருக்கை.

2011-ல் வெளியான ஆய்வு ஒன்று 60 முக்கிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழுக்களை எண்ணியது. உறுப்பினர்களில் பெண்கள் 17.5 சதவீதம். பத்தாண்டு கழித்து, 2021-ல், 41 மருத்துவத் துறைகளில் துறைக்குப் பத்து இதழ்களாக 410 இதழ்களின் தலைமை ஆசிரியர்களைப் பார்த்த ஆய்வு, அவர்களில் 21 சதவீதத்தினர்தான் பெண்கள் என்று கண்டது. சராசரிக்குள் மறைந்திருக்கும் வேறுபாடு இன்னும் வியப்பானது: சில துறைகளின் முதல் பத்து இதழ்களில் பெண் தலைமை ஆசிரியர் ஒருவர்கூட இல்லை, ஆரம்ப சுகாதாரத் துறை இதழ்களிலோ பெண்களே பெரும்பான்மை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் சுகாதார, சமூக நலப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் பெண்கள். மூத்த பொறுப்புகளில் அவர்கள் 25 சதவீதம். இதழ்களின் நாற்காலிக் கணக்கும் இதே விகிதத்தை ஒட்டியே நிற்கிறது.

பெரிய இதழ்களில் மாற்றம் வந்த ஆண்டுகளைப் பார்த்தால், எல்லாம் அண்மையவை. 1812-ல் தொடங்கிய நியூ இங்கிலாந்து ஜர்னலில் மார்சியா ஏஞ்சல் 1999-ல் இடைக்காலத் தலைமை ஆசிரியரானார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண் அவர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவுக்கு 2000-ல் கேத்தரின் டிஏஞ்சலிஸ் முதல் பெண் தலைமை ஆசிரியராக வந்தார். பி.எம்.ஜே.யில் ஃபியோனா காட்லி 2005-ல் பொறுப்பேற்று 2021 வரை இருந்தார். அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் 2009-ல் கிறிஸ்டின் லேனிடம் வந்தது. ஜாமாவில் 2022-ல் கிர்ஸ்டன் பிபின்ஸ்-டொமிங்கோ பொறுப்பேற்றார். 1823-ல் தொடங்கிய லான்செட்டின் தலைமை ஆசிரியர் பொறுப்பை ரிச்சர்ட் ஹார்ட்டன் ஏற்றது 1995-ல். இந்த ஆண்டுகளை அடுக்கும்போது தெரிவது, அந்தப் பதவிகள் எவ்வளவு அரிதாகக் காலியாகின்றன என்பது. ஒருவர் அமர்ந்தால் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள். அந்த ஒரே தருணத்தில் தேர்வுக் குழுவின் பட்டியலில் பெண்ணின் பெயர் இல்லையென்றால், அடுத்த வாய்ப்பு ஒரு தலைமுறை கழித்துத்தான்.

காத்திருந்தால் போதுமா?

இடைவெளிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: மூத்த ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவர்கள், அப்போது பெண்கள் குறைவு, இப்போது நுழைபவர்கள் மூத்தவர்களாகும்போது கணக்கு சரியாகிவிடும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்வோரில் பெண்கள் பாதியைத் தாண்டியது 2017-ல்தான். அவர்கள் ஆய்வகத் தலைவர்களாக இன்னும் ஆண்டுகள் ஆகும். கடைசிப் பெயர் முதல் பெயரைவிடப் பின்தங்குவதற்கும் இது ஓரளவு காரணம். ஆனால் 2009-க்குப் பின் கோடு ஏன் படுத்தது, ஒரே மூப்பும் ஒரே வெளியீட்டு எண்ணிக்கையும் உடையவர்களிடையே ஏன் வேறுபாடு நிற்கிறது என்ற கேள்விகளுக்கு இந்த விளக்கத்திடம் பதில் இல்லை.

ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஒழுங்கு தென்படுகிறது. வேலையைக் கையில் வைத்துக்கொண்டு எடைபோடும் இடங்களில் இடைவெளி சிறியது. ஆளை நினைவில் வைத்துக்கொண்டு எடைபோடும் இடங்களில், அதாவது அழைப்பு, பரிந்துரை, "இவர் தகுதியானவர்" என்ற பொது மதிப்பீடு ஆகியவை நடக்கும் இடங்களில், அது விரிகிறது.

இதற்கு மிக நல்ல சான்று கனடாவிலிருந்து வருகிறது. அந்நாட்டின் சுகாதார ஆய்வு நிதி அமைப்பு 2014-ல் தன் நிதித் திட்டங்களை இரண்டாகப் பிரித்தது. ஒன்றில் மதிப்பீட்டாளர்கள் முதன்மையாக ஆய்வுத் திட்டத்தின் தரத்தைப் பார்க்க வேண்டும்; மற்றொன்றில் முதன்மை ஆய்வாளரின் தகுதியைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 24,000 விண்ணப்பங்களை அலசி 2019-ல் லான்செட்டில் வெளியான ஆய்வின்படி, வயதையும் துறையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, திட்டத்தின் தரத்தைப் பார்த்த பிரிவில் பெண்களின் வெற்றி வாய்ப்பு ஆண்களைவிட ஒரு சதவீதப் புள்ளிக்கும் சற்றுக் குறைவாகத்தான் பின்தங்கியிருந்தது. ஆளின் தகுதியைப் பார்த்த பிரிவில் அந்த இடைவெளி 4 சதவீதப் புள்ளிகள். மொத்தமாகவே ஆறில் ஒருவருக்குக்கூட நிதி கிடைக்காத போட்டியில் 4 புள்ளி என்பது பெரிய இடைவெளி. அதே நாடு, அதே நிதி அமைப்பு. மாறியது கேள்வி மட்டும்.

இதழ்களுக்குள்ளும் இதே கதைதான். 145 ஆய்விதழ்களின் மதிப்பாய்வுப் பதிவுகளை அலசி 2021-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பெண்கள் அனுப்பும் கட்டுரைகள் மதிப்பாய்வாளர்களாலும் இதழாசிரியர்களாலும் பாரபட்சமாக நிராகரிக்கப்படுகின்றன என்பதற்குச் சான்று காணவில்லை. சில துறைகளில் அவற்றுக்குச் சற்றுச் சாதகமாகவே முடிவுகள் இருந்தன. மதிப்பாய்வில்தான் பெண்கள் வீழ்த்தப்படுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும். ஆனால் யாரை மதிப்பாய்வாளராக அழைப்பது என்ற கேள்வி வந்ததும் படம் மாறுகிறது. 2017-ல் வெளியான இன்னோர் ஆய்வு, இதழாசிரியர்கள் ஆணாயினும் பெண்ணாயினும் தம் பாலினத்தவரையே கூடுதலாக அழைக்கும் போக்கைக் கண்டது. ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள் என்பதால் இந்தப் பொது மனிதப் பழக்கம் ஒரு பக்கமாகவே சாய்கிறது.

அழைப்பின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது கருத்துரைகளில். முக்கியமான ஆய்வு ஒன்றை வெளியிடும்போது, அதன் பொருளை விளக்கி ஒன்றிரண்டு பக்கக் கருத்துரை எழுதுமாறு இதழாசிரியர் ஒரு நிபுணரை அழைப்பது வழக்கம். இதற்கு விண்ணப்பிக்க முடியாது. யாருடைய பெயர் ஆசிரியரின் நினைவுக்கு வருகிறதோ அவருக்கே அழைப்பு. ஏறத்தாழ 2,500 மருத்துவ இதழ்களைப் பார்த்து 2019-ல் வெளியான ஆய்வு, ஒத்த துறையறிவும் ஒத்த மூப்பும் ஒத்த வெளியீட்டுச் சாதனையும் உடையவர்களை இணைத்து ஒப்பிட்டபோதும், இத்தகைய கருத்துரையை எழுதும் சாத்தியம் பெண்களுக்கு 21 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஒரு கருத்துரை தவறிப் போனால் யாருக்கும் பெரிய இழப்பு இல்லை. ஆனால் கருத்துரை எழுதியவர் அடுத்த மாநாட்டுக்கு அழைக்கப்படுகிறார், மாநாட்டில் பேசியவர் வழிகாட்டு நெறிமுறைக் குழுவில் சேர்க்கப்படுகிறார், அந்தக் குழுவில் இருந்தவர் ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறார். ஒவ்வொரு படியிலும் சிறிதாக விடுபடுவது, மேலே செல்லச் செல்ல வட்டியோடு சேர்கிறது.

கட்டுரையின் பெயர் வரிசைக்குள்ளேயே நுழைவதிலும் இந்தப் பொது மதிப்பீடு வேலை செய்கிறது. 2022-ல் நேச்சர் இதழில் வெளியான, அறிவியல் துறைகள் முழுவதையும் தழுவிய ஆய்வு ஒன்று ஏறக்குறைய பத்தாயிரம் ஆய்வுக் குழுக்களின் நிர்வாகப் பதிவுகளை எடுத்து, குழுவில் வேலை செய்தவர்களின் பட்டியலையும் கட்டுரையில் பெயர் வந்தவர்களின் பட்டியலையும் ஒப்பிட்டது. ஒரே குழுவில் வேலை செய்தும், குழுவின் கட்டுரையில் பெயர் இடம்பெறும் வாய்ப்பு பெண்களுக்கு ஏறத்தாழ 13 சதவீதம் குறைவாக இருந்தது. பெயர் வரிசையை எண்ணும் ஆய்வுகள் எதுவும் இவர்களைக் காணவே முடியாது; வரிசைக்கே வராதவர்களை அங்கே எப்படி எண்ணுவது?

வெளியான பிறகும் இது நின்றுவிடுவதில்லை. ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது ஆய்வாளரின் செல்வாக்குக்கு அளவுகோலாகப் பயன்படுகிறது. பெரிய மருத்துவ இதழ்களில் பெண்கள் முதலிலும் கடைசியிலும் நிற்கும் கட்டுரைகள் குறைவாகவே மேற்கோள் காட்டப்படுகின்றன என்று 2021-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு சிறு காரணம் கட்டுரைகளின் நடையிலேயே இருக்கலாம். 2019-ல் பி.எம்.ஜே.யில் வந்த ஆய்வு, "புதுமையான", "தனித்தன்மை வாய்ந்த", "முன்னெப்போதும் இல்லாத" போன்ற புகழ்ச் சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடிப் பார்த்தது. முதல், கடைசி இடங்கள் இரண்டிலும் பெண்கள் இருந்த கட்டுரைகளைவிட, ஆண் ஒருவரேனும் அவ்விடங்களில் இருந்த கட்டுரைகள் இச்சொற்களைச் சுமார் 12 சதவீதம் அதிகமாகக் கையாண்டன. மிகுந்த செல்வாக்குள்ள இதழ்களில் வேறுபாடு 21 சதவீதத்தை எட்டியது. அத்தகைய சொற்கள் உள்ள கட்டுரைகள் கூடுதல் மேற்கோள்களையும் பெற்றன. பெண்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று இதிலிருந்து பாடம் எடுப்பவர்கள் உண்டு. நோயாளியின் நலன் தொங்கிக்கொண்டிருக்கும் துறையில் எல்லாருமே சற்றுத் தணிந்த குரலில் எழுதலாம் என்று பாடம் எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வீட்டுப் பொறுப்புகளின் பங்கை 2020-ன் பெருந்தொற்றுக் காலம் வெளிச்சமிட்டது. பள்ளிகள் மூடப்பட்ட அந்த ஆண்டின் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில் எல்செவியர் பதிப்பகத்தின் 2,300-க்கும் மேற்பட்ட இதழ்களுக்கு வந்த கட்டுரைகளை அலசியபோது, எல்லாருமே வழக்கத்தைவிட அதிகமாக அனுப்பியிருந்தாலும் பெண்களின் பங்கு விகிதத்தில் குறைந்திருந்தது. மருத்துவத் துறையில் அது கூடுதலாகத் தெரிந்தது.

யார் கேட்கிறார்கள் என்பதால் என்ன மாறுகிறது?

இது ஆய்வாளர்களின் தொழில் வாழ்க்கை பற்றிய உள்வீட்டு விவகாரம் மட்டும் என்றால் பொது வாசகருக்கு இதில் அக்கறை கொள்ளக் காரணம் குறைவு. ஆனால் யார் ஆய்வு செய்கிறார்கள் என்பது எது ஆய்வு செய்யப்படுகிறது என்பதோடு பிணைந்திருக்கிறது. 15 இலட்சம் மருத்துவக் கட்டுரைகளை அலசி 2017-ல் வெளியான ஆய்வு, பெண்கள் பங்கேற்கும் கட்டுரைகள், குறிப்பாக அவர்கள் முதல் அல்லது கடைசி இடத்தில் இருக்கும் கட்டுரைகள், ஆண் பெண் உடல் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்து அலசும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. 2019-ல் லான்செட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான கட்டுரைகளைக் கொண்டு செய்த இன்னோர் ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது.

அந்த அலசல் ஏன் வேண்டும் என்பதற்குத் தூக்க மருந்தான ஜோல்பிடெம் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-ல் வெளியிட்ட நெறிமுறை, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கக் கட்டச் சோதனைகளிலிருந்து விலக்கி வைத்தது. 1993-ல்தான் அது மாற்றப்பட்டது. ஜோல்பிடெம் பல ஆண்டுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில், 10 மில்லிகிராம் எனப் பரிந்துரைக்கப்பட்டு வந்தது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால் மறுநாள் காலை வாகனம் ஓட்டும்போதும் மயக்கம் நீடிக்கக்கூடும் என்பதைச் சுட்டி, 2013-ல் பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாகக் குறைக்குமாறு அந்த அமைப்பு கூறியது. ஆண்களால் இதைக் கவனிக்க முடியாது என்பதல்ல என் கருத்து. கேள்வியைக் கேட்க விருப்பமுள்ளவர்கள் ஆய்வுக்குழுவின் தலைமையிலும் இதழின் மேசையிலும் குறைவாக இருந்தால், கேள்வி தாமதமாகவே வரும்.

என்ன செய்யப்படுகிறது

ஆளை மறைத்து வேலையை மட்டும் மதிப்பிடுவது பழைய வழிமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பாய்ல்ஸ்டன் பரிசுக்கு வரும் கட்டுரைகள் பெயரில்லாமல் அனுப்பப்பட வேண்டும் என்பது விதியாக இருந்தது. மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு உடல், மன உழைப்பு கூடாது என்ற கருத்து அன்றைய மருத்துவர்களிடையே வலுவாக இருந்தது. மேரி புட்னம் ஜேக்கபி என்ற மருத்துவர் பெண்களுக்கு வினாத்தாள்கள் அனுப்பி, பதிலளித்த 268 பேரின் அனுபவங்களைத் தொகுத்து, நாடித் துடிப்பையும் தசை வலிமையையும் அளந்து, அத்தகைய ஓய்வுக்கு அடிப்படை இல்லை என்று எழுதினார். 1876-ல் பரிசு அவருக்கே கிடைத்தது. அதே ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1945-ல்தான். இன்று சில இதழ்கள் கடைப்பிடிக்கும் இருபுற மறைப்பு மதிப்பாய்வு, அதாவது கட்டுரையாளரும் மதிப்பாய்வாளரும் ஒருவரையொருவர் அறியாத முறை, இதன் தொடர்ச்சி என்று சொல்லலாம். குறுகிய துறைகளில் மேற்கோள்களைப் பார்த்தே எழுதியவரை ஊகித்துவிட முடியும் என்பது இதன் குறை.

தவிரவும், தலைமை ஆசிரியரைப் பெயர் மறைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. அழைப்பால் நிரப்பப்படும் இடங்களுக்கு வேறு வழிகள் தேவைப்படுகின்றன: பதவிக்குப் பொது அறிவிப்பு கொடுத்து விண்ணப்பம் கோருவது, ஆசிரியர் குழுவுக்குக் கால வரம்பு வைப்பது, கட்டுரையாளர், மதிப்பாய்வாளர், குழு உறுப்பினர் ஆகியோரின் பாலின விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிடுவது. லான்செட் இதழ்க் குழுமம் 2019-ல் பெண்களுக்கென ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்ததோடு, ஆலோசகர்களிலும் மதிப்பாய்வாளர்களிலும் பெண்களின் பங்கை உயர்த்துவதாகவும், ஆண்கள் மட்டுமே பேசும் அரங்குகளில் தன் ஆசிரியர்கள் பங்கேற்க மாட்டார்கள் எனவும் அறிவித்தது. கட்டுரையின் முடிவில் யார் என்ன செய்தார் என்பதை 14 வகைப் பணிகளாகப் பிரித்துப் பதிவு செய்யும் முறையும் பரவி வருகிறது. பெயர் நடுவில் நின்றாலும், உயிரணுக்களை வளர்த்தவர் யார் என்பது அச்சில் இருக்கும்.

இவற்றுக்கு ஒரு விலையும் உண்டு. மூத்த பதவிகளில் பெண்கள் குறைவாக இருக்கும் துறையில் எல்லா இதழ்களும் ஒரே நேரத்தில் சம எண்ணிக்கையைத் தேடினால், அந்தச் சிலரே எல்லாக் குழுக்களிலும் அமர வேண்டியிருக்கும். ஊதியமில்லாத அந்த வேலை அவர்களுடைய ஆய்வு நேரத்தைத் தின்றுவிடும், கடைசிப் பெயராக அவர்கள் எழுதியிருக்க வேண்டிய கட்டுரைகள் எழுதப்படாமலே போகும். இதைத் தவிர்க்க வேண்டுமானால் தேடும் வட்டத்தை விரிக்க வேண்டும். ஆசிரியர் குழுவுக்கான தகுதி பேராசிரியர் பதவியாகவோ ஏற்கனவே இருப்பவரின் பரிந்துரையாகவோ இருக்கத் தேவையில்லை. கடந்த சில ஆண்டுகளில் அந்த இதழுக்கு நல்ல மதிப்பாய்வுகளை எழுதியவர் என்பதே தகுதியாக இருக்கலாம்; வரும் ஒவ்வொரு மதிப்பாய்வுக்கும் கையாளும் ஆசிரியர் தர மதிப்பெண் இடுவது பல இதழ்களில் நடப்பில் உள்ள வழக்கம், அந்தப் பட்டியல் அவற்றின் கணினிகளிலேயே இருக்கிறது.